வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்ட பிறகே செடி கொடுக்கிறேன்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையோரத்தில் 18 ஆண்டுகளாக ஒரு சிறிய நர்சரி நடத்தி வருகிறேன். செடி வாங்க வருபவர்களிடம் வெயில் எந்தப் பக்கம் விழும், வைக்கப்போவது மாடியிலா தரையிலா, தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா என்று எல்லா நர்சரிக்காரர்களும் கேட்பார்கள். நானும் கேட்பேன். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாக, வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கிறீர்களா என்று கேட்டுவிடுவேன். ரோஜாச் செடி வாங்க வந்த இடத்தில் நாயைப் பற்றி ஏன் விசாரிக்கிறார் என்று பலர் வியப்புடன் பார்ப்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நான் கற்றுக்கொண்டது 2014ஆம் ஆண்டு ஐப்பசியில், என் சொந்த நாய் சாகக் கிடந்தபோது.

செம்பன் என்பது அவன் பெயர். தெருவில் கிடைத்த நாட்டு நாய். அப்போது அவனுக்கு மூன்று வயது. அந்த ஆண்டு முதல் மழை பெய்து மண் நனைந்ததும், ரோஜாத் தொட்டிகளுக்கு அடியுரம் வைத்தேன். எலும்புத் தூள், வேப்பம் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு மூன்றையும் கலந்து, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வீதம் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடினேன். ஆமணக்குப் புண்ணாக்கு தழைச்சத்து மிகுந்தது, கறையானையும் ஓரளவு தடுக்கும் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் கூறியிருந்தார், அது சரிதான். எலும்புத் தூளின் வாசனை நாய்க்கு என்னவாகத் தோன்றும் என்பதை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் ஆறேழு தொட்டிகள் தோண்டப்பட்டுக் கிடந்தன. செம்பனை அதட்டிவிட்டு மண்ணை மறுபடியும் தள்ளி மூடினேன். அவன் வழக்கம்போல வாலை ஆட்டினான். பகல் முழுவதும் ஒரு குறையும் தெரியவில்லை.

மாலையில் வாந்தி தொடங்கியது. ஏதாவது ஒவ்வாததைத் தின்றிருப்பான், இரவு பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். விடிகாலையில் பார்த்தபோது எழுந்து நிற்க முடியாமல், இரத்தம் கலந்த கழிச்சலில் படுத்திருந்தான். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தோட்டத்துக்கு என்ன உரம் போட்டீங்க?" என்பதுதான். சொன்னேன். ஆமணக்கு விதையில் ரைசின் என்னும் நச்சுப் புரதம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது என்பதால், விதையை ஆட்டும்போது எண்ணெய் வெளியேறிவிட, நஞ்சு முழுவதும் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. நன்கு சூடுபடுத்தினால் அழியும், ஆனால் கடையில் வாங்கும் புண்ணாக்கு எவ்வளவு சூடு கண்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு மாற்று மருந்து கிடையாது, நீர்ச்சத்தை ஏற்றி உடம்பு தானாகத் தேறக் காத்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். தின்ற சில மணி நேரம் முதல் ஒன்றிரண்டு நாள் வரை எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கக்கூடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நான்கு நாட்கள் தினமும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் அவன் கஞ்சித் தண்ணீரை நக்கினான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த நான்கு இரவுகளும் அவனருகே உட்கார்ந்திருந்தபோது, இதே கலவையை எத்தனை வீடுகளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணி எண்ணி என் மனம் பதைத்தது. கணக்குப் புத்தகத்தில் தொலைபேசி எண் இருந்தவர்களையெல்லாம் அழைத்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து, நாய் வளர்க்கும் வீட்டுக்கு ஆமணக்குப் புண்ணாக்கு தருவதில்லை. எலும்புத் தூளும் தருவதில்லை, ஏனெனில் அது தனியாக நஞ்சு இல்லை என்றாலும், அதைத் தேடி நாய் தொட்டியைத் தோண்டும். தோண்டும் வாயில் வேறு எது அகப்படும் என்பது நம் கையில் இல்லை. நன்கு மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் வீட்டு ரோஜாவுக்குப் போதும். வேப்பம் புண்ணாக்கின் கசப்பை நாய்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை; சிறிதளவு சேர்த்துக்கொள்ளலாம். கடலைப் புண்ணாக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அதை ஊறவைத்து, தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நம்மிடம் பரவலாக உள்ளது. புண்ணாக்கு மழைக்காலத்தில் ஈரம் வாங்கிப் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உருவாகிறது. நாயின் கல்லீரல் அதைத் தாங்காது. ஆகவே எந்தப் புண்ணாக்கானாலும் மூடியுள்ள தகர டின்னில், நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஊறவைத்த வாளியையும் மூடித்தான் வைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு மாதங்களும் எங்கள் பகுதியில் செடிக்கு உகந்த காலம். வளர்ப்பு விலங்குகளுக்கோ ஆண்டிலேயே ஆபத்து மிகுந்த காலம். வடகிழக்குப் பருவமழை பெய்ததும் நத்தைகள் கிளம்பும். கையளவு பெருத்த ஆப்பிரிக்க நத்தை ஓர் இரவில் சாமந்தி நாற்று ஒரு பாத்தியையே மொட்டையடித்துவிடும். அதற்கென்று கடையில் விற்கும் குருணைகளில் மெட்டால்டிஹைடு என்னும் நஞ்சு இருக்கிறது. தவிடு முதலியவற்றைச் சேர்த்து நத்தையைக் கவரும்படி செய்யப்படுவதால் நாயையும் அது கவரும். தின்ற நாய்க்கு ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே நடுக்கமும் வலிப்பும் வரலாம். நான் அந்தக் குருணையை விற்பதை நிறுத்திவிட்டேன். மாறாக, பொழுது சாய்ந்ததும் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸின் வெளி இலைகளையோ நனைத்த சாக்கின் அடியில் பரப்பி வைக்கச் சொல்கிறேன். காலையில் சாக்கைத் தூக்கினால் நத்தைகள் அடியில் கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்பு நீர் வாளியில் போட்டுவிடலாம். தொடர்ந்து பத்து நாள் செய்தால் தொல்லை கண்கூடாகக் குறையும். உழைப்பு அதிகம்தான், ஆனால் இதைவிட நம்பகமான வழியை நான் பார்க்கவில்லை.

மழைக்கு எலிகளும் வீட்டுப் பக்கம் வரும். எலிக்கு வைக்கும் புரோமடியோலோன் கட்டிகளைத் தின்ற நாய் அன்றே எதையும் காட்டாது. இரண்டு முதல் ஐந்து நாள் கழித்து ஈறில், மூக்கில், சிறுநீரில் இரத்தம் வரும்போதுதான் தெரியும். இதற்கு வைட்டமின் கே1 என்னும் மாற்று மருந்து உண்டு என்பதால், தின்றதாகச் சந்தேகம் வந்தவுடனே, அறிகுறிக்குக் காத்திராமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும். நஞ்சு தின்று தள்ளாடும் எலியை நாயோ பூனையோ பிடித்துத் தின்றாலும் ஆபத்துத்தான். எலிப்பொறியே மேல்.

எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சலைப் பற்றி நம் வீடுகளில் போதிய கவனம் இல்லை. தேங்கிய மழைநீரிலும் ஈர மண்ணிலும் அந்தக் கிருமி பல நாட்கள் உயிரோடிருக்கும். நாய் அந்த நீரைக் குடித்தாலோ, காலில் சிராய்ப்போடு அதில் நடந்தாலோ தொற்றும். நாயிடமிருந்து நமக்கும் வரும். காய்ச்சல், வாந்தி, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் நிறம் ஆகியவை அறிகுறிகள். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான தடுப்பும் அடங்கியுள்ளதா என்று மருத்துவரிடம் கேட்டு, ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுவிடுவது நல்லது. மழை தொடங்கிய பிறகு ஓடுவதில் பயன் குறைவு. தோட்டத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை ஐப்பசி பிறந்ததும் எடுத்து அடுக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் அந்தத் தட்டு செடிக்குத் தேவையில்லை. நீர் தேங்கி வேர்தான் அழுகும். அதே தட்டில் டெங்குக் கொசு முட்டையிடும். அதே தட்டில் நாய் தண்ணீர் குடிக்கும்.

தேரையைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. முதல் மழைக்கு வெளிவரும் தேரையைக் குட்டி நாய்கள் வாயில் கவ்விவிட்டு நுரை தள்ளும். தேரையின் தோலில் சுரக்கும் பொருளே காரணம். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, நீர் தொண்டைக்குள் போகாதபடி வாயை ஓரமாகப் பலமுறை கழுவிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். நடுக்கம் வந்தால் தாமதிக்கக் கூடாது. தேரையைக் கொல்லச் சொல்லாதீர்கள். அது தோட்டத்துப் பூச்சியைத் தின்னும் உயிர்.

புயலைப் பற்றி நான் கற்றது 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா கரையைக் கடந்த நாளில். முந்தின நாளே மாடித் தொட்டிகளைத் தரையில் இறக்கி, உயர்ந்த செடிகளைப் படுக்கவைத்து, நிழல்வலையையும் அவிழ்த்திருந்தால் சேதம் பாதியாகியிருக்கும். வலையை மட்டும் அவிழ்க்கவில்லை, நேரம் போதவில்லை. காற்றில் வலை கிழிந்து படபடவென்று அடித்த ஓசையில் செம்பன் மிரண்டு, சங்கிலியோடு ஓடிவிட்டான். மரங்கள் விழுந்து சாலையெல்லாம் அடைபட்டிருக்க, இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் ஏரிக்கரையில், சங்கிலி கருவேலம் புதரில் சிக்கியபடி, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எங்கள் நாயின் கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் நாயை வீட்டின் உள்ளறையில், சங்கிலி இல்லாமல், பழகிய துணியோடு விடுகிறோம். தீபாவளிக்கும் அதே ஏற்பாடுதான்: மாலை ஐந்து மணிக்குள் உலாத்திவிட்டு, சன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, வீட்டார் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். லவ் பேர்ட்ஸ் கூண்டையும் உள்ளே கொண்டுவந்து, ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருக்கும்படி துணியால் மூடிவிட வேண்டும்.

நவம்பர் கடைசி வாரத்தில் குண்டுமல்லியை அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்யலாம். காய்ந்த, நோய்கண்ட கிளைகளை எடுத்துவிட்டு நடுவில் வெளிச்சம் விழும்படி திறந்துவிட வேண்டும். மார்கழிப் பனியில் ரோஜா இலைகளில் சாம்பல் நோய் படரும். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, காலையில் வேரடியில் மட்டும் ஊற்றினாலே பாதி குறையும். குட்டி நாய்களுக்கும் முதிய நாய்களுக்கும் அந்த விடிகாலைக் குளிர் ஆகாது. சிமெண்ட் தரையில் படுக்கவிடாமல் சாக்கோ மரப்பலகையோ போட்டால் போதும். மார்கழியையும் தையையும் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் ஊரில் செடிக்கும் விலங்குக்கும் இதைவிட இதமான காலம் கிடையாது. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். பொங்கலன்று பாசத்தோடு நாய்க்கு வைக்கும் சர்க்கரைப் பொங்கலில் உலர் திராட்சை இருக்கும். திராட்சை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறும் என்பதால் ஒன்றுகூடக் கொடுக்காமலிருப்பதே முறை. திராட்சை போடுவதற்கு முன் வெண்பொங்கலாகவோ வெறும் சோறாகவோ கொஞ்சம் எடுத்து வைத்துவிடலாம். அந்த வெண்பொங்கலிலும் வெங்காயம், பூண்டு சேரக் கூடாது.

புத்தாண்டை ஒட்டிப் பூங்கொத்துகள் வீடு வீடாகப் போகும். நீலகிரியில் பசுமைக்குடில்களில் வளர்த்து அனுப்பும் பெரிய லில்லி மலர்கள் அவற்றில் இருக்கும். பூனை வளர்ப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். அந்த லில்லியின் இதழ், இலை, தண்டு, பூச்சாடியில் உள்ள நீர், மேலே விழுந்து பூனை நக்கியெடுத்த மகரந்தம் ஆகிய எதுவும் பூனையின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாட்களில் அழித்துவிடும். நர்சரிகளில் லில்லி என்ற பெயரில் நாங்கள் விற்கும் மழை லில்லி, சிலந்தி லில்லி, ஃபுட்பால் லில்லி எல்லாம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கிழங்கைத் தின்றால் வாந்தி வரும். ஆனால் சிறுநீரகத்தைத் தாக்கும் இந்தக் கொடுமை அவற்றில் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம், அஞ்ச வேண்டியதைச் சாடியில் வைத்துப் பூனைக்குப் பக்கத்தில் அழகு பார்க்கிறோம்.

செடிகளின் நஞ்சைப் பற்றிப் பேசினால் சிலர் அச்சமுற்று, உள்ள செடியையெல்லாம் பிடுங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எந்தச் செடி எந்த அளவு கெடுதல் என்று பிரித்தறிந்தால் போதும். மணி பிளாண்ட், டைஃபன்பேக்கியா, ஆந்தூரியம் போன்றவற்றைக் கடித்தால் அவற்றிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் குத்தி வாய் எரியும், எச்சில் வடியும். கடித்த நாய் உடனே விட்டுவிடும். உயரத் தொங்கவிட்டால் தீர்ந்தது. அரளி, பொன்னரளி, அடினியம் மூன்றும் இதயத்தைத் தாக்குபவை. வேலிக்கு அரளி வைத்திருந்தால் கவாத்து செய்த குச்சிகளைக் குவித்து வைக்காமல் அன்றே அப்புறப்படுத்த வேண்டும், ஏனெனில் நாய்க்குட்டிகள் பச்சைச் செடியைவிட உதிர்ந்த குச்சியைத்தான் கடித்து விளையாடும். ஆடு, மாடு நுழையும் வேலியோரத்தில் அந்தக் குச்சிகளைப் போடவே கூடாது. மூலிகைத் தோட்டம் வைப்பவர்கள் நம் மாநில மலரான செங்காந்தளைக் கேட்டு வருகிறார்கள். அதன் கிழங்கில் உள்ள கோல்சிசின் மனிதரையே கொல்லக்கூடியது என்பதால், தோண்டும் பழக்கமுள்ள நாய் இருக்கும் வீட்டுக்கு நான் அதைக் கொடுப்பதில்லை.

நான் மிகவும் அஞ்சுவது சைகஸ் செடிக்குத்தான். பனை மாதிரி இருப்பதால் வாசலின் இருபுறமும் அழகுக்கு வைக்கிறார்கள். செடி முழுவதும் நஞ்சு. விதை மிகக் கொடியது. ஒன்றிரண்டு விதைகளே நாயின் கல்லீரலைச் சிதைக்கப் போதும். ஒரு முறை, புதிதாக வீடு கட்டிய ஓர் அம்மா இரண்டு பெரிய சைகஸ் தொட்டிகளுக்கு விலை பேசி முடித்துவிட்டார். பணத்தை எடுக்கும்போது கைப்பேசியில் தன் நாய்க்குட்டியின் படத்தைக் காட்டினார். "அம்மா, இது வேண்டாம்மா, அரெக்கா வாங்கிக்கிட்டுப் போங்க" என்றேன். அதுதான் விலை குறைந்தது. அவருக்கு என் பேச்சு விளங்கச் சற்று நேரமானது. அரெக்கா பனை, ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் ஃபெர்ன் ஆகியவை நாய்க்கும் பூனைக்கும் தீங்கில்லாதவை. ரோஜாவும் மல்லிகையும் அப்படியே. இவற்றைக் கொண்டே ஒரு வாசலை நிறைவாக அமைக்கலாம்.

மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற உண்ணி பெருகும். உண்ணிக்கு மருந்து கேட்டு வருபவர்கள் பெரும்பாலும், "புல்லுக்கு அடிக்க ஏதாவது கொடுங்க" என்று கேட்கிறார்கள். புல்தரையில் பூச்சிமருந்தைத் தெளித்து, அதன்மேல் நாயைப் புரளவிடுவதைவிடக் கெடுதல் வேறில்லை. நம் ஊர் வீட்டு நாய்களில் காணப்படும் பழுப்பு உண்ணி புல்லில் அதிகம் வாழ்வதில்லை. இரத்தம் குடித்து நிறைந்ததும் நாயிடமிருந்து உதிர்ந்து, சுவரேறி, விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் கூரையோரத்திலும் போய் ஒளிந்துகொண்டு, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகையால் புல்லை விட்டுவிட்டு நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சுவரைப் பாருங்கள். விரிசலைச் சிமெண்ட் பூசி அடைத்து, படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிநீரில் துவைத்தால், மருந்துக்குப் பாதி வேலைதான் மிஞ்சும். நாயின் உடம்புக்கு மருத்துவர் எடை பார்த்துத் தரும் மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ மட்டுமே. வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கத்தால் உயிரிழந்த நாய்களை நான் நேரில் அறிவேன். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு நஞ்சு. இரண்டையும் ஒரே வீட்டில் வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லியே மருந்து வாங்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து, உணவை வெறுத்து, சில வேளை மூக்கில் இரத்தம் வடிக்கும். இரத்தப் பரிசோதனை செய்து உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் குணமாகக்கூடியது.

சித்திரைக் கடைசியில் தொடங்கி, மே 4 முதல் 28 வரை நீளும் அக்கினி நட்சத்திர நாட்களில் நர்சரியில் எங்களுக்கு ஒரே வேலை, உயிரைக் காப்பது. காலை ஏழு மணிக்குள் ஒரு தண்ணீர், மாலை ஐந்துக்கு மேல் ஒரு தண்ணீர். இடையில் வாடிய செடியைப் பார்த்து மனம் கேளாமல் நடுப்பகலில் ஊற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலிருந்து முதலில் வருவது கைவைக்க முடியாத கொதிநீர். அது வேரையும் வேகவைக்கும். நாயைக் குளிர்விக்கிறோம் என்று அதன்மேல் பீய்ச்சினால் தோலையும் புண்ணாக்கும். நீர் குளிரும்வரை குழாயைத் தரையில் ஓடவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டிமேல் தேங்காய் நாரையோ காய்ந்த இலையையோ இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை கட்டினால் பெரும்பாலான பூச்செடிகள் தப்பிவிடும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். தெளித்த இலை காயும்வரை பூனையை அண்டவிடக் கூடாது, ஏனெனில் உடம்பில் பட்டதையெல்லாம் அது நக்கிவிடும்.

கோடையில் நாய் பூச்செடிப் பாத்தியைக் கிளறிப் படுத்துக்கொள்கிறது என்று குறைப்படுபவர்கள் பலர். அது குறும்பு அன்று. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைப்பதும் ஈர மண்ணில் வயிற்றை வைத்துப் படுப்பதுமே அதற்குத் தெரிந்த வழிகள். நீங்கள் காலையில் நனைத்த பாத்தியைவிடக் குளிர்ந்த இடம் அதற்கு வேறெங்கே கிடைக்கும்? நான் வேப்பமரத்தடியில் நான்கடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு குழி வெட்டி, ஆற்று மணலை நிரப்பி, பகல் பதினோரு மணிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாளிலிருந்து செம்பன் என் பாத்திகளை மறந்துவிட்டான். அந்த மணலை மாதம் ஒரு முறை கிளறி வெயிலில் காயவிட வேண்டும். கழிவு தென்பட்டால் அன்றே அள்ளிவிட வேண்டும்.

வெப்பத் தாக்கு வந்த நாயை அடையாளம் காண்பது எளிது. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும்; 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. இடைவிடாத இளைப்பு, அடர்ந்த எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பு முழுவதும் நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி மூடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். நம் ராஜபாளையம் நாய்க்கு வெளுத்த தோல் என்பதால் உச்சி வெயில் மூக்கையும் காதையும் சுடும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு எண்ணும்வரை வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயை நடத்தாதீர்கள்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது எங்கள் தொழிலுக்கே சொன்னது போன்றது. சுரை, பீர்க்கு, புடலை, வெண்டை, கத்தரி எல்லாவற்றின் விதையும் அந்த ஒரு மாதத்தில் விற்பதுபோல் வேறெப்போதும் விற்பதில்லை. விதைத்த மறுநாளே, "பூனை வந்து பாத்தியைக் கிளறிப் போட்டுடுச்சு" என்று திரும்பி வருபவர்களும் அதே அளவு. இளகிய மண் பூனைக்குக் கழிப்பிடமாகவே தோன்றும். காய்கறிப் பாத்தியில் பூனைக் கழிவு சேர்வது நமக்கும் நல்லதல்ல. அதிலிருந்து டாக்சோபிளாஸ்மா தொற்று வரக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் அந்த மண்ணைத் தொடக் கூடாது. நாய்க் கழிவிலிருந்து கொக்கிப்புழு மண்ணில் பரவி, வெறுங்காலில் நடப்பவரின் தோலுக்குள் புகும். குடற்புழு நீக்க மருந்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பதும், இக்கழிவுகளை ஒருபோதும் காய்கறிக்கான மக்குக் குழியில் சேர்க்காமலிருப்பதும் இதற்காகவே.

பூனையை விரட்ட மிளகாய்த் தூள் தூவுகிறார்கள். அது பூனையின் கண்ணிலும் பாதத்திலும் பட்டு வேதனைப்படுத்துமே தவிர, அடுத்த மழையில் கரைந்துவிடும். விதைத்த பாத்தியின்மேல் இலந்தை முள்ளையோ, கவாத்து செய்த ரோஜாக் குச்சிகளையோ நெருக்கமாகப் பரப்பிவிட்டால், நாற்று நான்கு இலை விடும்வரை பூனை அங்கே கால் வைக்காது. அதோடு, களையெடுக்கும்போது தோட்டத்தின் ஒரு மூலையில் குப்பைமேனியை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. காரணம் தெரிய வேண்டுமானால் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பூனையின் முன்னே போட்டுப் பாருங்கள். எங்கள் முத்து அந்த வேரை முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, மண்ணில் புரண்டு எழ அரை மணி நேரம் ஆகும். அந்த மூலைக்குப் பக்கத்திலேயே மணல் நிரப்பிய அகன்ற தட்டு ஒன்றையும், மருந்து எதுவும் தெளிக்காத அருகம்புல் தொட்டி ஒன்றையும் வைத்திருக்கிறேன். நாயும் பூனையும் அவ்வப்போது புல்லைத் தேடிக் கடிக்கும். அதற்கென்று ஒரு தொட்டி இருந்தால் நம் மற்றச் செடிகளை அவை நாடுவது குறைகிறது. அருகம்புல்லுக்கு நான் விலை வாங்குவதில்லை. நாய், பூனை இருக்கும் வீட்டார் யார் வந்தாலும், வாங்கிய செடியோடு ஒரு பிடியை வேரோடு பெயர்த்துக் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றினால் பத்தே நாளில் தொட்டி நிறைந்துவிடும்.